சோற்றையும் நடையையும் சேர்த்துப் பிடித்தால் எடை குறையும்: நம் வீட்டுச் சமையலோடு 12 வாரம்

நான் எடையைக் குறைக்க மூன்று தடவை முயன்றேன். முதல் தடவை நடை மட்டும். இரண்டு மாதம், ஒரு நாள் விடாமல், காலையில் 40 நிமிடம் பூங்காவைச் சுற்றினேன். முடித்ததும் கூட நடப்பவர்களோடு டீக்கடையில் நின்று சர்க்கரை போட்ட காபியும் இரண்டு மெதுவடையும் சாப்பிடுவது வழக்கமாகிவிட்டது. இரண்டு மாதக் கடைசியில் அரைக் கிலோ குறைந்திருந்தது. இரண்டாவது தடவை சாப்பாட்டை மட்டும் பிடித்தேன். காலையில் கஞ்சி, மதியம் கைப்பிடிச் சோறு, இரவுக்கு வெறும் பழம். ஆறு வாரத்தில் 5 கிலோ இறங்கியது. கூடவே மாடிப்படி ஏறினால் கால் நடுங்கியது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கச் சிரமமாக இருந்தது. அடுத்த நான்கு மாதத்தில் 7 கிலோ திரும்பி வந்தது. மூன்றாவது தடவைதான் சாப்பாடு, பயிற்சி இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினேன். இந்தத் தடவை குறைந்த எடை திரும்பி வரவில்லை.

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. 70 கிலோ உள்ள ஒருவர் வேகமாக அரை மணி நேரம் நடந்தால் செலவாவது 120 முதல் 140 கலோரிதான். ஒரு மெதுவடையே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். ஆக, எடையை இறக்கும் வேலையில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கு. ஆனால் பட்டினியாக இறக்கினால் போகிற எடையில் கால் பங்கு வரை தசையாக இருக்கலாம். தசை போனால் பலமும் போகும், உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் கலோரியும் குறையும். போவது கொழுப்பாக இருக்க வேண்டும், போனது திரும்பாமல் இருக்க வேண்டும் என்றால் அதற்கு உடற்பயிற்சி வேண்டும். இந்த இரண்டு வேலையையும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் எப்படி வாரம் வாரமாகச் சேர்ப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். சோறு, குழம்பு, இட்லி, தோசை சாப்பிடும் குடும்பத்தை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன்: டேப்பை எடுங்கள்

எடை பார்க்கும் மிஷினைவிட தையல்காரர் வைத்திருக்கும் டேப் நமக்கு அதிகம் சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், வயிற்றை உள்ளே இழுக்காமல் சுற்றளவு எடுங்கள். இந்தியர்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டருக்குள், பெண்கள் 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. இன்னும் எளிய கணக்கு: இடுப்புச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) கணக்கும் பாருங்கள். எடையைக் கிலோவில் எழுதி, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் அது வரும். மேல்நாட்டு அட்டவணையில் 25 வரை இயல்பு என்று இருக்கும். நம்மவர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதற்குப் பின்னால் ஒரு நல்ல சம்பவம் உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யூட்கினும் 2004-இல் தங்கள் படத்தையே லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. ஆனால் யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். கையும் காலும் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் நிற்கும் நம்மூர் உடல்வாகு இதுதான். "நான் ஒன்றும் குண்டு இல்லையே" என்று சொல்பவர்களும் டேப்பை ஒரு முறை சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது அதனால்தான்.

அடுத்து மருத்துவர். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், சாப்பாட்டைக் குறைத்து நடையைக் கூட்டினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். இதய நோய், சிறுநீரக நோய், மோசமான மூட்டுவலி உள்ளவர்களும் கேட்டுவிட்டே தொடங்குங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இந்த வழிகாட்டியை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிடுங்கள். காரணமில்லாமல் எடை ஏறி, சோர்வும் முடி கொட்டுவதும் இருந்தால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

எவ்வளவு குறையும் என்று எதிர்பார்க்கலாம்?

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. தினமும் சாப்பாட்டில் 350, பயிற்சியில் 100 என்று மொத்தம் 450 கலோரி குறைத்தால் ஒரு கிலோவுக்குப் பதினேழு நாள் ஆகும். அதாவது வாரத்துக்குச் சுமார் 400 கிராம். நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் மெதுவாகவே போகும். 12 வாரத்தில் 4 கிலோ குறைந்தால் அது நல்ல பலன். உங்கள் எடை 80 என்றால் அது 5 சதவீதம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் அந்த அளவிலேயே சீராகத் தொடங்கிவிடும்.

"பத்து நாளில் 5 கிலோ" என்று வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். உடம்பு மாவுச்சத்தைச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீரையும் சேர்த்து வைக்கிறது. சோற்றைத் திடீரென்று நிறுத்தினால் முதலில் இறங்குவது அந்தத் தண்ணீர். மறுபடி சாப்பிட்டதும் அது வந்துவிடும். மருத்துவர் பார்வை இல்லாமல் பெண்கள் ஒரு நாளைக்கு 1,200 கலோரிக்கும், ஆண்கள் 1,500 கலோரிக்கும் கீழே போகக் கூடாது.

முதல் வாரம்: எழுதுங்கள், பதினைந்து நிமிடம் நடங்கள்

இந்த வாரம் சாப்பாட்டில் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு சின்ன நோட்டில் வாயில் போன அனைத்தையும் எழுதுங்கள். குழந்தை மிச்சம் வைத்த அரைத் தோசை, தாளிக்கும்போது வாயில் போட்ட நிலக்கடலை, அலுவலகத்தில் யாரோ பிறந்த நாளுக்குக் கொடுத்த இனிப்பு, எல்லாமே. சமைப்பவர்களுக்கு இந்த நோட்டு பெரிய உண்மையைச் சொல்லும். உப்புப் பார்ப்பதும், "வீணாகப் போகக் கூடாது" என்று மிச்சத்தை முடிப்பதும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமமாக வந்து நிற்கும். எத்தனையோ வீடுகளில் அம்மாக்களின் எடை இப்படித்தான் ஏறுகிறது. மிச்சத்தை ஃபிரிஜ்ஜில் வைக்க ஒரு டப்பாவை ஒதுக்குங்கள்.

கூடவே தினமும் பதினைந்து நிமிடம் நடை. மதியமோ இரவோ சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் நடந்தால் இன்னும் நல்லது, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் ரத்தச் சர்க்கரை அதனால் மட்டுப்படும். மொட்டை மாடி போதும், தெரு போதும். இந்த வாரம் வேகம் முக்கியமில்லை. தினமும் அதே நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும் பழக்கம் வந்தால் போதும்.

இரண்டாவது, மூன்றாவது வாரம்: தட்டைத் திருப்பிப் போடுங்கள்

நம் மதியத் தட்டை ஒரு நிமிடம் பாருங்கள். நடுவில் மலை மாதிரி சோறு. அதற்குச் சாம்பார், பிறகு ரசத்துக்குச் சோறு, பிறகு மோருக்குச் சோறு. ஓரத்தில் இரண்டு கரண்டி பொரியல். வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. மூன்று தடவை போட்டுக்கொள்பவர் சுலபமாக 400 கிராம் சோறு சாப்பிடுவார், 520 கலோரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுக்க நடத்திய 'இன்டியாப்' (INDIAB) என்ற நீரிழிவு ஆய்வின் உணவுக் கணக்கு 2025-இல் வந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அதில் இருக்கிறது.

அதே ஆய்வில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. அரிசியை விட்டுவிட்டு அதே அளவுக்குக் கோதுமையோ சிறுதானியமோ சாப்பிடுவதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் மாதிரியான புரதத்தை வைத்தால்தான் பலன் தெரிகிறது. வரகும் சாமையும் நல்ல தானியங்கள், நார்ச்சத்து உள்ளவை. ஆனால் சமைக்காத தானியத்தை எடுத்துக்கொண்டால் அரிசி, கோதுமை, தினை எல்லாமே 100 கிராமுக்கு ஏறக்குறைய 330 முதல் 370 கலோரிக்குள்தான் வரும். இரவில் சோற்றுக்குப் பதில் ஐந்து சப்பாத்தி சாப்பிடுவதால் எடை குறையாது.

ஆகவே செய்ய வேண்டியது இது. தட்டில் பாதிக்குக் காய்: பொரியல், கூட்டு, கீரை, வெள்ளரிக்காய், கேரட், எது கிடைக்கிறதோ அது. கால் பங்குக்குப் புரதம்: கெட்டியான பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி, பனீர், மீல் மேக்கர். மிச்சக் கால் பங்குக்குச் சோறு. உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு மூன்றும் காய்க் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில் வரும். சாப்பிடும்போது காயையும் பருப்பையும் முதலில் தொடுங்கள், சோறு பிறகு. வயிறு நிறைந்த உணர்வும் சீக்கிரம் வரும், சர்க்கரையும் மெதுவாக ஏறும்.

அளவைத் தட்டில் குறைக்க முயன்றால் தோற்றுப்போவோம். பானையில் சோறு இருந்தால் கை போகும். உலையில் போடும் அரிசியிலேயே குறைத்துவிடுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு 60 முதல் 70 கிராம் அரிசி என்று ஒரு முறை தராசில் நிறுத்து, அது எந்த டம்ளரில் எந்த அளவுக்கு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தினமும் அந்த டம்ளர்தான். குறைகிற சோற்றுக்கு ஈடாகக் காயை இரண்டு மடங்கு வாங்க வேண்டும். இதைச் செய்யாமல் சோற்றை மட்டும் குறைப்பவர்கள் நாலு மணிக்குப் பசித்து மிக்சர் பாக்கெட்டைப் பிரிப்பார்கள். மிக்சர் 100 கிராமில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது.

புரதம் எவ்வளவு? எடை குறைக்கும் காலத்தில் கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 கிலோ என்றால் 70 கிராம். கேட்க அதிகமாகத் தோன்றும், பிரித்துப் பார்த்தால் கைக்குள் வரும். ஒரு முட்டையில் 6 கிராம். மீன் அல்லது கோழி 100 கிராமில் சுமார் 20. வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணத்தில் 12. மீல் மேக்கர் உலர்ந்தது 25 கிராமில் 13. பனீர் 50 கிராமில் 9. தயிர் ஒரு கிண்ணத்தில் 6. தண்ணீராக ஓடும் சாம்பாரில் பருப்பு மிகக் கொஞ்சம்தான், அதை நம்ப வேண்டாம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் புரதத்தை மருத்துவர் சொல்லும் அளவுக்கு மேல் கூட்டக் கூடாது.

காலை, இரவு டிபனுக்கு அடை என்னுடைய முதல் தேர்வு. துவரை, கடலை, உளுந்து மூன்றும் சேர்த்து அரிசியின் அளவுக்குப் போட்டு அரைக்கலாம், முருங்கைக்கீரையையும் உள்ளே போட்டுவிடலாம். பாசிப்பயறு தோசையும் அப்படியே. இட்லி சாப்பிடும் நாளில் எண்ணிக்கையை மூன்றில் நிறுத்தி, காய் நிறைந்த சாம்பாரும் இரண்டு முட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியில் சரியான கணக்கு இருக்கிறது. எள்ளில் பாதிக்குப் பாதி எண்ணெய். கொள்ளில் எண்ணெய் மிகக் குறைவு, புரதம் நூற்றுக்கு 22 பங்கு, நார்ச்சத்தும் உண்டு. கொள்ளு கொழுப்பைக் கரைத்துவிடாது. வயிற்றை நிரப்பி, வேறு எதையாவது தின்னும் ஆசையைக் குறைக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் கொள்ளு ரசம், கொள்ளுச் சுண்டல், கொள்ளுத் துவையல் வைத்துக்கொள்ளலாம். வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடிப்பதும் கொழுப்பைக் கரைக்காது. தேனிலும் சர்க்கரைதான் இருக்கிறது.

எண்ணெய்யும் டீயும்

மூன்றாவது வாரத்துக்குள் இந்த இரண்டையும் பிடித்துவிடுங்கள். எந்த எண்ணெயாக இருந்தாலும், செக்கில் ஆட்டியதாகவே இருந்தாலும், ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 2 லிட்டராக்கினால் தலைக்குத் தினமும் 130 கலோரிக்கு மேல் மிச்சம். மாத முதல் நாளில் 2 லிட்டரைத் தனி டப்பாவில் எடுத்து வையுங்கள். அதற்குள் மாதம் ஓட வேண்டும். பாட்டிலிலிருந்து நேரடியாகச் சட்டியில் ஊற்றும் பழக்கத்தை விட்டு, தேக்கரண்டியால் எடுங்கள். கனமான இரும்புக் கல்லை நன்றாகப் பழக்கிவிட்டால் தோசைக்கு அரைத் தேக்கரண்டி போதும். குருமாவில் தேங்காயைப் பாதியாக்கி, பொட்டுக்கடலை சேர்த்து அரைத்தால் கெட்டித்தன்மை குறையாது.

ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு ஸ்பூன், 32 முதல் 40 கிராம். சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு நாளில் பழைய நிலைக்குப் போய்விடுவீர்கள். வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்தால் நாலு வாரத்தில் சர்க்கரை இல்லாத டீ நாக்குக்குப் பழகிவிடும். வெல்லமும் பனங்கற்கண்டும் இதே கணக்கில்தான் வரும். டீயோடு பிஸ்கட் கேட்கும் நேரத்துக்குச் சுண்டலைத் தயாராக வைத்திருங்கள்.

நாலாவது வாரம் முதல்: தசைக்கு வேலை கொடுங்கள்

நம் ஊரில் எடை குறைப்பவர்கள் மிக அதிகமாக விட்டுவிடும் பகுதி இது. நடப்பார்கள், யோகா செய்வார்கள், ஆனால் எதையும் தூக்க மாட்டார்கள். குறிப்பாக 40 வயதைத் தாண்டிய பெண்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்பதோடு நிற்கவில்லை, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது. சாப்பாட்டைக் குறைத்திருக்கும் உடம்புக்கு "இந்தத் தசை எனக்கு வேண்டும்" என்று உணர்த்த வேறு வழி கிடையாது.

ஜிம் தேவையில்லை. பஸ்கியும் தண்டாலும் நம் ஊர்க் களரிகளில் காலங்காலமாக இருப்பவை, அவற்றையே கொஞ்சம் எளிதாக்கிக்கொள்ளலாம். ஒன்று, நாற்காலி பஸ்கி. ஆடாத நாற்காலிக்கு முன்னால் நின்று, கையை முன்னால் நீட்டி, மெதுவாக உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். முட்டி வலித்தால் உயரமான நாற்காலியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, சுவர்த் தண்டால். சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று உள்ளங்கைகளை ஊன்றி, மார்பைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்புங்கள். சுலபமாகிவிட்டால் சமையல் மேடை, பிறகு கட்டில் விளிம்பு, கடைசியில் தரை. மூன்று, இழுக்கும் பயிற்சி. ஒரு பையில் அரிசியோ புத்தகமோ நாலைந்து கிலோ போட்டு, ஒரு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் பையை இடுப்புக்கு இழுங்கள். நான்கு, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களின் முதுகுக்கு இது மிக நல்லது. ஐந்து, இரண்டு கையிலும் சம எடையுள்ள வாளிகளைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடப்பது.

ஒவ்வொன்றும் 10 முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 10. மொத்தம் 25 நிமிடத்தில் முடிந்துவிடும். திங்கள், வியாழன் என்று இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது முறை முடியும்போது இன்னும் இரண்டுதான் முடியும் என்று தோன்ற வேண்டும். இன்னும் பத்து முடியும் என்று தோன்றினால் எடையைக் கூட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், வெளியே விடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது முக்கியம். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிக்கும். அது தசை வலி, தானாகப் போகும். மூட்டில் குத்தும் வலியோ நெஞ்சில் இறுக்கமோ கிறுகிறுப்போ வந்தால் உடனே நிறுத்துங்கள். நெஞ்சு இறுக்கம் விலகாமல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

நடையும் இதோடு வளர வேண்டும். இரண்டாவது வாரம் 20 நிமிடம், மூன்றாவது வாரம் 25, நாலாவது வாரத்திலிருந்து 30 முதல் 40. வேகத்துக்கு ஒரு சோதனை உண்டு. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. முழங்கால் தாங்காதவர்களுக்குச் சைக்கிளும் நீச்சலும் நல்லது. சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்கே வியர்த்துக் கொட்டும், ஆகவே விடியற்காலையிலோ இருட்டிய பிறகோ போங்கள். மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே நடங்கள். நடை முடிந்ததும் எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். நான் டீக்கடை இல்லாத பக்கத்து வாசல் வழியாக வெளியே வர ஆரம்பித்தேன்.

ஒரு நாள் எப்படி ஓடும்?

காலை ஆறு மணிக்குச் சர்க்கரை இல்லாத காபி, பிறகு நடை அல்லது தசைப் பயிற்சி. எட்டரைக்கு மூன்று இட்லி, காய் சாம்பார், இரண்டு அவித்த முட்டை. பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் நீர்மோர். மதியம் 180 கிராம் சோறு, கெட்டிச் சாம்பார், இரண்டு கரண்டிக்குப் பதில் ஐந்து கரண்டி பொரியல், ஒரு துண்டு மீன் குழம்பிலிருந்து (சைவமென்றால் மீல் மேக்கர் கூட்டு), கொஞ்சம் தயிர். நாலரைக்கு டீயும் ஒரு கிண்ணம் சுண்டலும். இரவு ஏழரைக்கு இரண்டு அடை, தக்காளிச் சட்னி, ஒரு கிண்ணம் காய். பத்து நிமிடம் மாடி நடை. மொத்தம் 1,600 முதல் 1,800 கலோரிக்குள் வரும், புரதம் 75 கிராமை ஒட்டி வரும். உயரம் குறைந்த பெண்கள் இட்லியையும் சோற்றையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள், முட்டையையும் சுண்டலையும் குறைக்க வேண்டாம்.

பசிக்காமல் இருக்க இரவுத் தூக்கமும் வேண்டும். சிகாகோவில் ஆய்வு செய்து 2010-இல் வெளியிட்டார்கள். ஒரே அளவு கலோரி சாப்பிட்ட அதே ஆட்களை இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்க வைத்தார்கள். இறங்கிய எடை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தூக்கம் குறைந்தபோது அதில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் கீழே போனது, தசை அதிகம் போனது. பத்துப் பேரை மட்டும் வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். என் அனுபவமும் அதையே சொல்கிறது. பதினொன்றரை வரை போன் பார்த்த இரவுக்கு மறுநாள் நாக்கு இனிப்பையே தேடும்.

விசேஷ வீடுகளுக்குப் போகாமல் இருக்காதீர்கள். இலையில் கூட்டு, பொரியல், அவியல், பருப்பு முதலில். சோறு ஒரு தடவை. இனிப்பில் உங்களுக்கு மிகப் பிடித்த ஒன்று மட்டும், அதை நிதானமாகச் சாப்பிடுங்கள். மறுநாள் பட்டினி கிடக்க வேண்டாம், வழக்கமான தட்டுக்குத் திரும்பினால் போதும்.

எடை நின்றுபோனால்

ஆறாவது, ஏழாவது வாரத்தில் இது பலருக்கும் வரும். முதலில் உண்மையிலேயே நின்றதா என்று பாருங்கள். முந்தின நாள் ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டிருந்தால் உப்பு தண்ணீரைப் பிடித்து ஒரு கிலோ கூடக் காட்டும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தின வாரம் அப்படியே. அதனால் வாரத்தில் ஒரே நாள், காலையில், வெறும் வயிற்றில் எடை பாருங்கள். நாலு வாரத்தைச் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள். இடுப்பு அளவு இறங்கி எடை நின்றிருந்தால் கவலையே வேண்டாம்.

எடையும் இடுப்பளவும் நாலு வாரமாக இறங்காமல் நிற்கிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் அளவு மெல்ல ஏறியிருக்கும். முதல் வார நோட்டைத் திரும்ப எடுங்கள், மூன்று நாள் எழுதினால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். எண்ணெய் டப்பாவைப் பாருங்கள். அங்கேயும் ஒன்றும் இல்லையென்றால் எடை குறைந்த உடம்புக்கு முன்பு தேவைப்பட்ட அளவு இப்போது தேவையில்லை என்று அர்த்தம். தினமும் பத்து நிமிட நடையைக் கூட்டி, ஒரு வேளைச் சோற்றில் ஒரு பிடி குறையுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். சாப்பாட்டில் மட்டும் பெரிய வெட்டு வெட்ட வேண்டாம்.

வீட்டில் தனியாக ஒருவர் மட்டும் இதைச் செய்வது கஷ்டம். ஒரே சமையலை எல்லோருக்கும் வையுங்கள். குழந்தைகளுக்கும் மெலிந்தவர்களுக்கும் சோறும் நெய்யும் கூடுதலாகப் போட்டுவிடலாம். "என்ன, சாப்பாட்டையே விட்டுட்டியா?" என்று மாமியாரோ அத்தையோ கேட்டால், "பொரியல் இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று தட்டை நீட்டுங்கள். போடுகிறவருக்கும் திருப்தி.

12 வாரத்துக்கு அப்புறம்

சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் தலைமையில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-இல் வந்தது. சர்க்கரை நோயின் எல்லையில் இருந்த 531 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அவர்கள் எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது என்பதுதான். ஆகவே மிஷினில் எண் நீங்கள் நினைத்த இடத்துக்கு வராவிட்டாலும் செய்ததை விட்டுவிடாதீர்கள்.

இன்னும் குறைக்க வேண்டியவர்கள் இரண்டு வாரம் அதே எடையில் நின்று இளைப்பாறிவிட்டு அடுத்த 12 வாரத்தைத் தொடங்கலாம். போதும் என்பவர்கள் ஒரு நாளைக்கு 150 கலோரி அளவுக்குச் சாப்பாட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு அடையோ, ஒரு கைப்பிடி நிலக்கடலையோ போதும். நடையையும் தசைப் பயிற்சியையும் குறைக்காதீர்கள். குறைத்த எடையைப் பல ஆண்டு காப்பாற்றியவர்களை 1994 முதல் அமெரிக்காவில் ஒரு பதிவேட்டில் சேர்த்துக் கவனித்து வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தினமும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடம்பை அசைப்பவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எடையையும், மாத முதல் தேதி இடுப்பளவையும் எண்ணெய்க் கணக்கையும் அதே நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். எடை 2 கிலோ ஏறிவிட்டால் அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அரிசி அளக்கும் டம்ளரையும் அந்த நோட்டையும் எடுத்து இரண்டாவது வாரத்திலிருந்து தொடங்குங்கள்.